முப்பத்தெட்டு வெற்றுப் படிவங்கள்

பாலத்தின் நடுவில் கம்பெனிப் பேருந்து நின்றுவிட்டது, இன்னும் அரை மணி நேரம் நகராது, அரை மணி என்றால் நல்லது, ஒரு மணி என்றால் இன்னும் நல்லது, இன்றைக்கு ஒரு நாள் இந்தப் பாலம் இப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தால்தான் என்ன என்று ரெங்கசாமி நினைத்தார், நினைத்த உடனே தன் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. முப்பத்தைந்து வருடமாக எந்த மானேஜர் அறைக் கதவையும் தட்டாமல் திறந்து போனவர், பலகைத் தொழிற்சாலை வாசலில் பதினேழு நாள் வெயிலில் உட்கார்ந்து போராடியவர், வேலை போய், மலேசியப் பக்கம் ஜொகூரில் எந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளாமல், கடைசியில் தினமும் கடல் தாண்டி சிங்கப்பூர் கிடங்கொன்றில் இரவு வேலைக்குப் போய் வருகிற நிலைமை வந்தபோதும் தலை குனியாதவர், இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதற்காக நெரிசலை வேண்டிக்கொள்கிறார். ஜெயமலர். கூட வேலை செய்து, ஏழு வாரத்துக்கு முன் மோட்டார் விபத்தில் அடிபட்ட குணசேகரனின் மனைவி. நேற்றுச் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது போனில் பேசினாள், அழாமல், கடைக்குச் சாமான் சொல்வது போலப் பேசினாள். காலையில் பேருந்து ஆட்களை இறக்கிவிடும் இடத்திலேயே நிற்பாளாம், பத்து மணிக்குக் காப்புறுதி அலுவலகத்தில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், பேருந்தில் எல்லாரும் தலைவர் என்று கூப்பிடும் அவர் தன்னோடு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். என்ன வார்த்தை என்று அவர் கேட்டார், கேட்காமல் இருந்திருக்கலாம். குணசேகரன் போன வருடம் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தலைவர் கையில் கொடுத்தது அவனுக்கு நன்றாக நினைவு இருக்கிறதாம், அலுவலகத்திலோ அப்படி ஒரு பெயரே பதிவாகவில்லை என்கிறார்களாம், கம்பெனி பெயரைப் போட்டுத் தேடி முழுப் பட்டியலையும் பத்து மணிக்குள் எடுத்து வைப்பதாக அந்த அதிகாரி சொல்லியிருக்கிறாராம். முழுப் பட்டியல். பேருந்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்தால் இஞ்சினின் நடுக்கம் பல்லுக்குள் ஏறியது, எடுத்தால் நெஞ்சின் நடுக்கம் தனியாகத் தெரிந்தது, மறுபடி வைத்துக்கொண்டார்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன, ஒன்றின் பின்சக்கரத்தை ஒன்றின் முன்சக்கரம் முகர்ந்துகொண்டு, ஆயிரமா இரண்டாயிரமா, எல்லாருக்கும் முதுகுப் பை, எல்லாருக்கும் முன்பக்கம் திருப்பிப் போட்ட மழைச்சட்டை, காற்றுக்காகச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொள்வது இந்தப் பாலத்து வழக்கம், பகல் வேலைக்கு மாறியிருந்த குணசேகரனும் விழுந்த அன்று அப்படித்தான் மாட்டியிருந்தான் என்று அவனைத் தூக்கி ஏற்றிய வேன்காரன் சொன்னான். இவர்களில் யார் காப்புறுதிச் சந்தா கட்டியிருக்கிறான், யார் கட்டவில்லை. அதோ மஞ்சள் தலைக்கவசம், கட்டியிருப்பான். அந்த நோஞ்சான், கட்டியிருக்க மாட்டான். ஏழு வாரமாக இதே கணக்கு ஓடுகிறது, எந்த மோட்டாரைப் பார்த்தாலும் ஓடுகிறது, வீட்டு வாசலில் ரொட்டி விற்கிறவன் மோட்டாரைப் பார்த்தாலும். காப்புறுதிச் சட்டத்தின் சூட்சுமம் அவரைவிட யாருக்குத் தெரியும், கிடங்குக் கதவுக்கு உள்ளே கால் முறிந்தால் கம்பெனியின் காப்புறுதி, கதவுக்கு வெளியே நாலடி தள்ளி முறிந்தால் அது உன் கால், உன் பாடு. சிங்கப்பூரில் வேலை செய்கிறாய், அங்கே நீ அந்நியன். இங்கே குடியிருக்கிறாய், இங்கே உனக்கு முதலாளி இல்லை. நடுவில் இந்தப் பாலம் இருக்கிறது, தினம் இரண்டு தடவை, யாருக்கும் சொந்தமில்லாமல் போய் வருகிற நேரம். இதைத் துண்டறிக்கையில் எழுதியவரே அவர்தான், "பாலத்தில் செத்தால் எந்த நாட்டுத் தொழிலாளி?" என்று பெரிய எழுத்தில் போட்டு, பச்சைத் தாளில் அச்சடித்து, இருக்கை இருக்கையாகக் கொடுத்தார். எழுதியது சரிதான். ஒவ்வொரு வரியும் சரிதான். கடைசி வரிதான்.

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது ஆறாம் வகுப்பு வரை, மீதி எல்லாம் துண்டறிக்கைகளில் படித்தார், தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் யாரோ கொண்டுவந்து போடும் சிவப்புத் தாள், ரோஸ் தாள், ஓரம் மங்கிய எழுத்து, அதில்தான் உழைப்பு என்றால் என்ன, உபரி என்றால் என்ன, சுரண்டல் எங்கே ஒளிந்திருக்கும் என்று கற்றுக்கொண்டார், கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிச் சங்கத்துக்குத் தலைவர்களாகி, கறுப்புக் கார் வாங்கி, மந்திரி வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள், அவர் இந்தப் பேருந்தில் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார். அதற்கும் ஒரு மரியாதை வந்தது. வருமான வரிக் காலம் வந்தால் பேருந்து முழுக்க அவரிடம்தான் வரும், ஒரே சம்பளத்துக்கு இரண்டு பக்கமும் வரி கேட்பார்களோ, எத்தனை நாள் அங்கே இருந்தால் எந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டும், வராத கடிதத்துக்கு அபராதம் உண்டா என்று எல்லாருக்கும் ஒரே பயம், பாலத்தில் பேருந்து நிற்கும் இந்த அரை மணியில் அவர் கேள்விகளை உரக்கப் படிப்பார், அவரவர் பதில் சொல்ல, நிரப்புவார். உங்களைச் சார்ந்திருப்போர் எத்தனை பேர் என்று படித்தால் பின்னாலிருந்து எவனாவது மாமியாரைச் சேர்க்கலாமா, மாமியாரை நம்பித்தான் நான் இருக்கிறேன் அதை எங்கே எழுதுவது என்பான், பேருந்தே சிரிக்கும். வண்டி குலுங்கி எழுத்து கோணினால் அது பாலத்து எழுத்து என்பார்கள். வரி அலுவலகத்திலிருந்து ஒருத்தருக்கும் ஒரு கேள்வியும் வந்ததில்லை. அதனால்தான், தலைவர் சொன்னால் சரி. அதனால்தான், போன வருடம் வேறு படிவம் வந்தபோதும்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் தாங்களே பதிந்துகொண்டு, தாங்களே சந்தா கட்டி, வழியில் விபத்து நேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை பெறலாம் என்று அந்தப் படிவம் சொன்னது. தாங்களே. அந்த ஒரு சொல்லில் அவர் ரத்தம் கொதித்தது. கம்பெனி கட்ட வேண்டியதை நாம் கட்டிவிட்டால் கம்பெனி எந்தக் காலத்திலும் கட்டாது, இது தொழிலாளியின் பையிலிருந்து எடுத்து முதலாளியின் கடமையைத் தீர்க்கிற தந்திரம், ஆகையால் தோழர்களே கட்டாதீர்கள், இதுதான் பச்சைத் தாளின் கடைசி வரி. கட்டாதது மட்டும் போதாது, மறுப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முப்பத்தெட்டுப் படிவங்களையும் வெற்றாகவே திரும்ப வாங்கிக் கட்டாகக் கட்டி அலுவலக மேசையில் வைப்பது என்று முடிவு செய்தார், வெள்ளைத் தாளின் ஊர்வலம் என்று அதற்குப் பெயரும் வைத்தார், பெயர் வைப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு ருசி. வாங்கிக்கொண்டே வந்தபோது பின்னிருந்து இரண்டாவது வரிசையில் குணசேகரன் நீட்டியது மட்டும் நிரப்பியிருந்தது. நீல மையில், பிள்ளைகள் பெயர் இரண்டும், ஜெயமலரின் பெயரும், கீழே கையெழுத்தும். நேத்தே எழுதிட்டேன் தலைவரே, அவதான் எழுதச் சொன்னா என்று ஏதோ தப்புச் செய்தவன் போலச் சொன்னான். அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். முப்பத்தேழு வெள்ளையும் ஒரு நீலமும் என்று வைத்திருக்கலாம், யார் எண்ணப் போகிறார்கள். வாங்கிய தாளை அவர் திருப்பி நீட்டினார், ஒருத்தன் வரிசையை உடைத்தால் எல்லாரும் உடைத்த மாதிரி என்று அவர் வாய் சொன்னது, குரலை உயர்த்தக்கூட இல்லை, அவன் பேருந்தைச் சுற்றிப் பார்த்தான், எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டே நாலாகக் கிழித்தான். அவர் தன் பையிலிருந்து ஒரு புது வெற்றுப் படிவத்தை எடுத்துக் கட்டோடு சேர்த்தார். கை தட்டினார்கள். கை தட்டல் அவருக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன. இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிற குணசேகரனுக்கு எழுதியது நினைவிருக்கிறது, கொடுத்தது நினைவிருக்கிறது, கிழித்தது மட்டும் நினைவில் இல்லை, தலையில் அடிபட்டவனுக்கு எது தங்கும் எது போகும் என்று யாருக்குத் தெரியும், மருத்துவமனையில் பார்க்கப் போனபோது தலைவரே நீங்கதான் வாங்கினீங்களே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான், அந்தக் கை சூடாக இருந்தது, அவர் ஆமாம் என்றார். வாங்கினேன் என்பது பொய்யில்லை.

ஆனால் இதுவல்ல, இதுவாவது கொள்கை, கொள்கைக்காகத் தவறலாம், தவறினேன் என்று மேடையில் சொல்லிவிட்டு நிமிர்ந்தும் நிற்கலாம். வேறொன்று இருக்கிறது, அந்தப் பக்கம் எண்ணம் போகும்போதெல்லாம் பேருந்தில் எதையாவது பார்ப்பார், ஓட்டுநரின் கழுத்துத் துண்டை, முன்கண்ணாடியில் ஆடும் பிள்ளையாரை, இருக்கை உறையின் கிழிசலை, பார்த்தும் அது போகாது. வெள்ளைத் தாள் ஊர்வலம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும், இரவு வேலையிலிருந்து ஒரு மாதம் பகல் வேலைக்கு மாற்றினார்கள், பகல் வேலைக்குக் கம்பெனிப் பேருந்து கிடையாது, அறுபது வயதில் மோட்டாரில் போனார். ஒருநாள் விடியற்காலை மழை, எண்ணெய் படிந்த வளைவு, முன்னால் போனவன் சறுக்கினான், அவர் பிரேக்கை அழுத்தினார், மோட்டார் அவருக்கு அடியிலிருந்து தானாக விலகிப் போவது போல இருந்தது, பிறகு எப்படியோ நின்றது. விழவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. பின்னால் வந்த லாரி மூன்று முழம் தள்ளி நின்று ஆரன் அடித்தது. அந்த மூன்று முழம் அன்று முழுக்க அவருக்குள் கிடந்தது, பெட்டிகளை எண்ணும்போது கிடந்தது, சோறு தின்னும்போது கிடந்தது, வீட்டில் மருந்து மாத்திரையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதியைப் பார்க்கும்போது பெரிதாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் போய்ப் பதிந்துகொண்டார். தானே. சந்தா கட்டினார், இந்த வருடமும் கட்டினார், சரஸ்வதிக்கும் தெரியாது. கம்பெனி பெயர் என்ற கட்டத்தில் கம்பெனி பெயரைத் தெளிவாக, குலுங்காத மேசையில், அழகான எழுத்தில் எழுதினார். முழுப் பட்டியல் என்று அந்த அதிகாரி எடுத்து வைத்திருப்பதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். முப்பத்தெட்டுப் பேர் கம்பெனியில் ஒரே ஒரு பெயர்.

பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த தியாகு விழித்தான். பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது, இந்தப் பேருந்தில் தலைவருக்கு வலது கை என்று தன்னையே சொல்லிக்கொள்வான். வெளியே எட்டிப் பார்த்து, பாலம் இன்னும் அங்கேயேதான் இருக்கா என்று கேட்டுக் கொட்டாவி விட்டான், பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். ரெங்கசாமி என்ன முடிவு என்றார். முப்பத்தெட்டும் நிரப்பித்தான் கொடுத்தோம், அலுவலகம்தான் தொலைத்துவிட்டது, இதுதான் முடிவு. இன்றைக்கு ஒருத்தனும் தூங்கப் போவதில்லை, இறங்கின கையோடு ஜெயமலரோடு போய் அலுவலக வாசலில் உட்காருவது, பத்திரிகைக்காரர் ஒருத்தருக்கும் சொல்லியாகிவிட்டது. தியாகு சொல்லிக்கொண்டே போனான், அவன் கண் மின்னியது, ரெங்கசாமிக்கு அந்த மினுக்கம் தெரியும், அவரே ஏற்றி வைத்தது.

"கிழிச்சத எல்லாரும் பாத்தீங்களேடா" என்றார் ரெங்கசாமி.

"யாரு பாத்தா? நா பாக்கல. கண்டக்டர் இல்ல, கேமரா இல்ல. அந்த வெள்ளக் கட்ட ஆபீஸ்ல அன்னைக்கே குப்பையில போட்டிருப்பாங்க. முப்பத்தேழு பேரு ஒரே வாயா சொன்னா பொய்யாவுமா தலைவரே? ஒங்ககிட்ட படிச்ச பாடம்லா இது."

பேருந்து ஒரு முழம் நகர்ந்து நின்றது. அதோடு சேர்ந்து ரெங்கசாமிக்குள்ளும் ஏதோ நகர்ந்தது, ஏனென்றால் இந்தப் பொய் நன்றாக இருந்தது, அவர் வாழ்நாளில் பேசிய பல உண்மைகளைவிட நன்றாக இருந்தது, இதில் அலுவலகம் குற்றவாளி, தொழிலாளி ஒற்றுமை, தலைவர் முன்னால். வாசலில் எங்கே உட்கார வேண்டும், வெயில் எந்தப் பக்கம் விழும், முதலில் யார் பேச வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம், அவர் வாய் திறந்தால் போதும், பதினேழு நாளும் திரும்பி வரும். குணசேகரனுக்கு ஏதாவது கிடைக்கவும் கிடைக்கலாம், சத்தத்துக்குப் பயந்து கொடுத்தாலும் கொடுப்பார்கள், பொய்யில் கிடைத்த சோறு என்று பிள்ளைகள் வயிறு பார்க்குமா. அந்த அளவுக்கு வந்த பிறகு அந்தப் பட்டியல். மேசைமேல் ஒரு தாளை அதிகாரி திருப்பி வைப்பார், இந்தக் கம்பெனியிலிருந்து ஒரே ஒருத்தர்தான் பதிந்திருக்கிறார் என்பார், ஜெயமலர் படிப்பாள், அவள் வாசிக்கத் தெரிந்தவள், தியாகு எட்டிப் பார்ப்பான். முப்பத்தாறு பேரின் முகமும் ஒரே சமயத்தில் திரும்புவதை அவர் பார்த்தார், மேடையிலிருந்து பார்த்துப் பழகிய முகங்கள், அதே முகங்கள். பேசாமல் மயங்கி விழுந்தால் என்ன, அறுபத்தொரு வயது, இரவு முழுக்க விழிப்பு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெயர் ஒற்றுமை என்று சொல்லலாம், ரெங்கசாமி எத்தனை பேர். அடையாள எண் ஒன்றுபோல இருக்காதே. திட்டத்தை உள்ளிருந்து ஆராய்வதற்காகப் பதிந்தேன், எதிரியின் படிவத்தை நிரப்பிப் பார்த்தால்தான், சீ, இதைக் கேட்டால் ஜெயமலர் சிரிப்பாள். அவருக்கு அவள் அழுவதைக் காட்டிலும் சிரிப்பது பயமாக இருந்தது. பேருந்து ஒருவழியாகப் பாலத்தைக் கடந்தது, ஜொகூர் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கிக் கடவுச்சீட்டை வைத்துக் கட்டைவிரலை அழுத்தினார்கள், அவர் விரலை யந்திரம் ஏற்கவில்லை, துடைத்து அழுத்தினார், ஏற்கவில்லை, பெட்டி தூக்கித் தேய்ந்த விரல், வாரத்தில் இரண்டு நாள் இப்படித்தான், ஆனால் இன்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து, நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்வதாகத் தோன்றியது. மூன்றாவது தடவை பச்சை எரிந்தது. கதவு திறந்தது. எல்லாரும் மறுபடி ஏறினார்கள், யாரும் தூங்கவில்லை, பின்வரிசையில் எவனோ அலுவலக வாசலில் மின்விசிறி கேட்டு இன்னொரு போராட்டம் நடத்தலாம் என்று சொல்லச் சிரிப்பு எழுந்தது, அந்தச் சிரிப்பு முழுக்கத் தன்மேல் வைத்த நம்பிக்கை என்று தெரிந்ததால் அவருக்குக் காது அடைத்தது. இவர்களில் ஏழு பேர் அடுத்த வாரம் பகல் வேலைக்கு மாறுகிறார்கள். தியாகுவும். மோட்டாரில் போவார்கள். பட்டியலில் இல்லாதவர்கள். அதுவரை பட்டியலைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தவருக்கு, அதில் இல்லாத பெயர்கள் இப்போதுதான் பயமாகத் தெரிந்தன, இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது, இதில் அவர் முகம் எங்கேயும் இல்லை, மழையும் எண்ணெயும் வளைவும் மட்டும் இருந்தன.

பேருந்து கடை வரிசை முன்னால் நின்றது. ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயமலர் மின்கம்பத்தின் நிழலில் நின்றாள், நீலச் சுடிதார், கையில் மருத்துவமனைக் காகிதங்கள் அடங்கிய நெகிழிப் பை, தலையில் பூ இல்லை. மூன்றாவது இருக்கைக்காரர் ஆகையால் அவர்தான் முதலில் இறங்கினார், மற்றவர்கள் பை எடுக்கவும் செருப்புத் தேடவும் உள்ளேயே இருந்தார்கள், ஓரிரண்டு நிமிடம் கிடைக்கும். அவள் ராத்திரி சாப்பிட்டீங்களாண்ணே என்று கேட்டாள். அந்தக் கேள்வி இல்லாமல் இருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், அலுவலகம், போராட்டம், உரிமை, அந்தச் சொற்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்திருந்தன.

"அவன் எழுதிக் கொடுத்த அந்தப் பாரம் ஆபீசுக்குப் போகலம்மா" என்றார். "பஸ்ல எல்லாரும் பாக்க நாந்தான் கிழிக்க வெச்சேன். அவனுக்கு அது ஞாபகம் இல்ல."

பையின் காது அவள் விரலில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இன்னொண்ணும் இருக்கு. லிஸ்ட்ல ஒரே ஒரு பேரு இருக்கும். அது என் பேரு. நா கட்டிட்டேன்."

பேருந்துக்குள் தியாகு யாரையோ சீக்கிரம் இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ஜெயமலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு எந்த ஊர் அலுவலகத்தில் கட்டினீர்கள் என்று கேட்டாள். குளுவாங் என்றார். இங்கே பக்கத்திலேயே அலுவலகம் இருக்க, யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பேருந்து பிடித்துப் போன ஊர் அது என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"அவ்ளோ தூரமா போனீங்க" என்றாள். திட்டுவது போல இல்லை. வழிக் களைப்பைக் கேட்பது போல இருந்தது, அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை, அறைந்திருக்கலாம், தெருவென்று பாராமல் காறித் துப்பியிருக்கலாம், அதற்கெல்லாம் அவரிடம் முகம் இருந்தது.

ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஜெயமலரைப் பார்த்ததும் குரல் தணிந்து, ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து மின்கம்பத்தைச் சுற்றி நின்றார்கள், கவலைப்படாதீர்கள் அக்கா, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்றான் ஒருவன், தலைவர் இருக்கிறார் என்றான் இன்னொருவன். அவள் எல்லாரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள், எண்ணுகிறாள் போல இருந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினாள், இப்போது முகத்தைப் பார்த்தாள்.

"இவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நா சொல்லட்டுமா?"

முப்பத்தைந்து வருடக் குரல் அவர் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டது, தோழர்களே என்று தொடங்கப் பார்த்தார், அந்தச் சொல் வரவில்லை. தியாகு தேநீர்க் கடைக்காரனிடம் எல்லாருக்கும் கலக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"தியாகு" என்றார் ரெங்கசாமி. யாருக்கும் பழக்கமில்லாத சின்னக் குரலாக அது வந்தது, அதனாலேயே எல்லாரும் திரும்பினார்கள். "யாரும் ஆபீசுக்கு வர வேணாம். இப்பிடிக் கிட்ட வாங்க, நா ஒண்ணு சொல்லணும்."